ஹாலைத் தடுத்த ஜிப்சம் போர்டு சுவர்: ஐந்து வருடம் கழித்து

தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டின் மாடி ஹால் 20 அடி நீளம், 10 அடி அகலம். 2020 டிசம்பரில், மகளுக்கு ஆன்லைன் வகுப்பு நடந்துகொண்டிருந்த சமயம், அதை நடுவில் தடுத்து அவளுக்கு ஓர் அறை ஆக்கினோம்.

கொத்தனார் நாலரை இஞ்ச் செங்கல் சுவர் எழுப்பலாம் என்றார். ஆனால் தடுக்க வேண்டிய இடத்துக்குக் கீழே பீம் கிடையாது. கதவு போக 80 சதுரடி செங்கல் சுவர், இருபக்கப் பூச்சோடு ஏறத்தாழ 2 டன் வரும். அவ்வளவு எடையைத் தளத்தின் நடுவில் ஒரே கோட்டில் ஏற்ற வேண்டாம் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அதே சுவரை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) சட்டமும் இருபக்கமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டும் (ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடும் பலகை) ஆகச் செய்தால் 200 கிலோவைத் தாண்டாது. கூரையைத் தாங்காத சுவர்தான், ஆனாலும் அதன் எடையைக் கீழ்த்தளம் தாங்க வேண்டுமே.

ஃபால்ஸ் சீலிங் போடும் இருவர் மூன்று நாளில் முடித்தார்கள். தரையிலும் மேலேயும் சேனல் (தகட்டுப் பட்டை), 2 அடிக்கு ஒரு ஸ்டட் (நிமிர்ந்து நிற்கும் தகட்டுச் சட்டம்), உள்ளே கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு), இணைப்புகளில் பேப்பர் டேப், அதன்மேல் இணைப்பை மூடும் காம்பவுண்ட் பூச்சு, பெயிண்ட். சதுரடி 120 ரூபாய் பேசினோம், கதவு தனி. அம்மா தட்டிப் பார்த்துவிட்டு, “டப்பா மாதிரி கேக்குதேப்பா, நிக்குமா?” என்றார். நிற்கிறது. ஒரு அசைவு இல்லை.

தொந்தரவு வந்தது அடிப்பகுதியில். இரண்டாவது மழைக்காலத்தில் தரையை ஒட்டி அரை அடி உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் விட்டது. கூரை ஒழுகுகிறதோ என்று முதலில் மேலேயே தேடினேன். காரணம் எங்கள் மாப். போர்டைத் தரையோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். தினமும் ஈரத் துணி போடும் வீட்டில் ஜிப்சம் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தண்ணீரை மேலே இழுத்துவிடும். போர்டை 10 மி.மீ. தூக்கி நிறுத்தியிருந்தால் இது வந்திருக்காது. இருபக்கமும் அடியில் அரை அடியை அறுத்து எடுத்து, அந்த இடத்தில் சிமென்ட் ஃபைபர் போர்டு வைத்து, தரை இடைவெளியில் சிலிகான் அடைத்து, மேலே டைல் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியோரப் பட்டை) ஒட்டினோம். அதன்பிறகு ஈரமே ஏறவில்லை. நீங்கள் போடுவதாக இருந்தால் ஸ்கர்ட்டிங்கை முதல் நாளே பேசிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

விரிசல் இரண்டு இடத்தில் வந்தது. பழைய பூச்சுச் சுவரும் போர்டும் சேரும் மூலையில் முடி போல ஒன்று. மேலே மொட்டைமாடி என்பதால் சித்திரை வெயிலில் தளம் விரிந்து சுருங்குகிறது. பட்டி பார்த்து அடைத்தால் அடுத்த கோடையில் மறுபடி பிளக்கும். இழுபடும் அக்ரிலிக் சீலன்ட் போட்ட பிறகு சரியாகிவிட்டது. இன்னொன்று கதவின் மேல் மூலையில். போர்டின் இணைப்பு சரியாகக் கதவு ஓரத்துக்கு நேரே வந்திருந்தது; கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் அதிர்வு அங்கேதான் போகும். கதவைச் சுற்றி போர்டை ‘ட’ வடிவில் வெட்டிப் பொருத்தியிருந்தால் மூலையில் இணைப்பே இருந்திருக்காது.

நாங்கள் சரியாகச் செய்த ஒரு காரியம் உண்டு. போர்டை மூடுவதற்கு முன், புத்தக அலமாரி வரப்போகும் உயரத்தில் ஸ்டட்களுக்கு இடையே 18 மி.மீ. பிளைவுட் பட்டை வைத்துத் திருகச் சொன்னேன். அப்புறம் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டட்டும் வயரும் எங்கே போகிறது என்று போட்டோ எடுத்துவைத்தேன். அந்தப் போட்டோவை இன்றுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பிளைவுட்டில் திருகிய அலமாரி பாடப்புத்தகச் சுமையோடு அப்படியே இருக்கிறது. வெறும் போர்டில் மகள் ஆணி அடித்து மாட்டிய கண்ணாடி ஒரே வாரத்தில் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு கீழே வந்தது.

சத்தம்? பேச்சுக்குரல் நன்றாகவே மட்டுப்படுகிறது. டிவியின் ஒலி மட்டும் கொஞ்சம் வந்தது, அதில் பெரும்பங்கு கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக. அங்கே ரப்பர் பட்டை ஒட்டியதும் பொதுத்தேர்வு வருடம் நிம்மதியாகக் கழிந்தது.

அடுத்த வருடம் மகள் விடுதிக்குப் போகிறாள். சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பழையபடி ஆக்கலாமா என்று வீட்டில் பேச்சு. விசாரித்ததில், இரண்டு ஆள் ஒரு நாளில் கழற்றிவிடலாம் என்கிறார்கள்; சேனல் திருகிய இடத்தில் தரை டைலில் ஒரு வரிசைத் துளை இருக்கும், அதை மட்டும் அடைக்க வேண்டும். மகள்தான் வேண்டாம் என்கிறாள். லீவுக்கு வரும்போது அறை வேண்டுமாம்.