335 ஹெச்பி என்றால் யார் நம்புவது? பழைய அமெரிக்க மசில் கார் எஞ்சின்கள், ஒரு மதிப்பீடு

1966, 67-இல் ஃபோர்டின் கேலக்ஸி, தண்டர்பேர்டு கார்களில் வந்த சாதாரண 428 கனஅங்குல எஞ்சினுக்கு நிறுவனம் போட்ட கணக்கு 345 ஹெச்பி (குதிரைத்திறன்). அதே 428-இன் போலீஸ் இன்டர்செப்டர் வகைக்கு 360. 1968 ஏப்ரலில் மஸ்டாங்கில் இறங்கிய கோப்ரா ஜெட் 428-க்குப் பெரிய வால்வுகள், அகன்ற போர்ட்டுகள், 735 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) ஹாலி கார்புரேட்டர். அதற்குப் போட்ட கணக்கு 335! காற்றை அதிகம் இழுக்கும் எஞ்சின், குடும்பக் கார் எஞ்சினைவிட 10 ஹெச்பி குறைவாம். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பொமோனா வின்டர்நேஷனல்ஸ் டிராக் பந்தயத்தில் (கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயம்) ஆல் ஜோனியெக் ஓட்டிய கோப்ரா ஜெட் மஸ்டாங் சூப்பர் ஸ்டாக் பிரிவை வென்றிருந்தது. ஆக 335-ஐ யாரும் நம்பவில்லை. ஆனால் உண்மை எண் என்ன என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை.

அந்த வாக்குவாதம் பெரும்பாலும் தப்பான இடத்தில் நடக்கிறது. விளம்பரத்தில் போட்ட ஹெச்பி பல நேரம் பொய்யே இல்லை. அந்த ஹெச்பியை எந்த ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சியில்) அளந்ததாகச் சொன்னார்கள் என்பதில்தான் கைவரிசை. எஞ்சின் உச்சத்தைத் தொடும் முன்பே ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே கிடைத்ததை எழுதிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க டைனோகூட (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) தேவையில்லை. டார்க்கை (எஞ்சினின் முறுக்கு விசை, பவுண்டு-அடியில்) ஆர்பிஎம்மால் பெருக்கி 5252-ஆல் வகுத்தால் ஹெச்பி. திருப்பிப் போட்டால் டார்க். கோப்ரா ஜெட்டின் விளம்பரக் கணக்கு: 3400-இல் 440 பவுண்டு-அடி, 5200-இல் 335 ஹெச்பி. 5200-இல் 335 என்றால் அங்கே டார்க் 338தான். 1800 ஆர்பிஎம் ஏறுவதற்குள் 440 டார்க் 338-ஆகச் சரிந்தது என்கிறது ஃபோர்டு. கிட்டத்தட்ட கால் பங்கு. அந்த வால்வுக்கும் கார்புரேட்டருக்கும் இந்தச் சரிவு பொருந்தாது.

இதோடு செவர்லேவின் 1970 எல்எஸ்6 454 எஞ்சினை வைத்துப் பாருங்கள். 3600-இல் 500 பவுண்டு-அடி, 5600-இல் 450 ஹெச்பி. கணக்குப் போட்டால் 5600-இல் டார்க் 422. 2000 ஆர்பிஎம்மில் 16 சதவீதத்துக்குள் சரிவு. இயற்கையான வளைவு இது. கோப்ரா ஜெட்டும் இதே அளவுக்குச் சரிந்திருந்தால் 5200-இல் 365-ஐத் தாண்டும். அதற்கு மேலும் இழுக்கக்கூடிய எஞ்சின் என்பதால் 335 என்பது வெறும் ஸ்டிக்கர். எல்எஸ்6-இன் 450 மட்டும் அன்றைய முறைப்படி நேர்மையான எண். எல்லா மசில் காருக்கும் குறைத்துத்தான் எழுதினார்கள் என்ற பேச்சு பாதிதான் சரி.

அன்றைய முறை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1971 வரை அமெரிக்காவில் விளம்பரப்படுத்தியது 'கிராஸ்' ஹெச்பி. எஞ்சினைத் தனியே டைனோவில் ஏற்றி, ஃபேன் இல்லாமல், ஏர் கிளீனர் இல்லாமல், ஆல்டர்னேட்டர் சுமை இல்லாமல், சைலன்சருக்குப் பதில் சோதனை அறையின் அகலமான குழாயை மாட்டி, இக்னிஷன் டைமிங்கை அந்தந்த ஆர்பிஎம்முக்கு ஏற்பத் திருப்பி எடுத்த எண். 1972-இலிருந்து 'நெட்': காரில் இருப்பது போலவே எல்லாவற்றையும் மாட்டி அளந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1971-இல் இரண்டு எண்களையும் வெளியிட்டது நமக்கு அதிர்ஷ்டம். கார்வெட்டின் சாதாரண 350: கிராஸ் 270, நெட் 210. எல்டி-1: 330, 275. எல்எஸ்5 454: 365, 285. எல்எஸ்6: 425, 325. ஒன்றில் 17 சதவீதம் போகிறது, இன்னொன்றில் 23-க்கு மேல். 'கிராஸிலிருந்து 20 சதவீதம் கழித்தால் நெட்' என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். எல்எஸ்6 ஒரே வருடத்தில் 450-இலிருந்து 325-ஆக விழுந்துவிட்டது என்ற புலம்பலும் அரைகுறைதான். கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவை அழுந்தும் விகிதம்) 11.25-இலிருந்து 9-ஆகக் குறைத்ததற்கு ஹெச்பி பட்டியலில் காட்டிய இழப்பு 25. மீதி 100 ஹெச்பி அளவுகோல் மாறியதால் வந்த வித்தியாசம்.

எதற்குக் குறைத்து எழுதினார்கள்? டிராக் பந்தயத்தில் காரின் எடையை நிறுவனம் சொன்ன ஹெச்பியால் வகுத்துத்தான் வகுப்பு பிரித்தார்கள். ஹெச்பி குறைந்தால் எளிதான வகுப்பு. இதைப் புரிந்துகொண்டு டிராக் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ தானாகவே ஹெச்பியை ஏற்றிப் போட ஆரம்பித்தது. காப்பீட்டு நிறுவனங்களும் அதே எண்ணைப் பார்த்துத்தான் பிரீமியம் ஏற்றின. அறுபதுகளில் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் இன்னொரு கட்டுப்பாடு: கார்வெட் தவிர்த்த கார்களில் 10 பவுண்டு எடைக்கு ஒரு ஹெச்பிக்கு மேல் கூடாது. அதனால்தான் 1967 பான்டியாக் ஃபயர்பேர்டு 400-க்கு 325, அதைவிடக் கனமான ஜிடிஓவுக்கு 335. கார்புரேட்டர் லிங்கேஜில் ஒரு சின்னத் தகடு, பின்பக்க பேரல்களை (காற்றுத் துளைகளை) முழுதாகத் திறக்க விடாமல் தடுக்கும். அதை வளைத்துவிட்டால் போதும், வித்தியாசம் தீர்ந்தது. 1969 ராம் ஏர் 4 எஞ்சினும் இதே கதை: ஜிடிஓவில் 370, ஃபயர்பேர்டில் 345.

ராம் ஏர் 4 வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வட்டமான எக்ஸாஸ்ட் போர்ட்டும் பெரிய கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 6000-க்கு மேல் இழுக்கக் கூப்பிடும். உள்ளே இருப்பதோ வார்ப்பு கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது). ஃபோர்ஜ் செய்த ராடு மாற்றாமல் அந்தப் பக்கம் போனால் பிளாக்கில் ஓட்டை விழும். டைமிங் கியரில் நைலான் பற்கள் இருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள். வயதானால் அது உதிர்ந்து ஆயில் பேனுக்குள் விழுந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

கமேரோ இசட்-28-இன் 302 இந்தக் கூட்டத்திலேயே சுவாரஸ்யமானது. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கனஅங்குல வரம்புக்காக 4 அங்குல போரும் (சிலிண்டர் விட்டம்) 3 அங்குல ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) சேர்த்துக் கட்டியது. விளம்பரத்தில் 5800-இல் 290. சாலிட் லிஃப்டர் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும், எண்ணெய் மெத்தை இல்லாத உருளை), 11 கம்ப்ரெஷன் உள்ள எஞ்சின் 5800-இல் முடிந்துவிடுமா என்ன? டார்க் 270-க்குப் பக்கத்தில் 6800 வரை தாக்குப்பிடித்தால் அதுவே 350 ஹெச்பி. இதில் தவறு நடக்கும் இடம் வால்வு இடைவெளி. '30-30' என்று பெயரெடுத்த கேம் அது; எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.030 அங்குலம். சத்தம் போடுகிறதே என்று பலர் இறுக்கிவிடுவார்கள். இறுக்கினால் வால்வு திறந்திருக்கும் நேரம் கூடி, ஐடில் தடுமாறும், கீழ் ஆர்பிஎம்மில் இருக்கிற கொஞ்ச டார்க்கும் போகும்.

கிரைஸ்லரின் 426 ஹெமியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 1966-இல் 425 ஹெச்பி. 1968-இல் கேம்ஷாஃப்ட் மாறியது, 1970-இல் ஹைட்ராலிக் லிஃப்டர் வந்தது, 1971 வரை 425 மட்டும் அசையவில்லை. அளந்து எழுதிய எண் இப்படி இருக்காது.

ப்யூக் 455 ஸ்டேஜ் 1-க்கு (1970) வருவோம். சாதாரண 455-க்கு 350, பெரிய வால்வும் வேறு கேமும் போட்ட ஸ்டேஜ் 1-க்கு 360. இரண்டுக்கும் டார்க் 510 என்றே எழுதினார்கள். இதைச் சோதிக்க கால் மைல் முடிவு வேகம் நல்ல கருவி: மணிக்கு எத்தனை மைல் என்பதை 234-ஆல் வகுத்து, மும்மடியாக்கி, ஆளோடு சேர்ந்த எடையால் பெருக்க வேண்டும். அப்போதைய சோதனையில் இந்தக் கார் 13.38 வினாடி, 105.5 மைல். எடை ஆளோடு சுமார் 4000 பவுண்டு. விடை 367 ஹெச்பி, அதுவும் காரில் மாட்டிய நிலையில். கிராஸில் 360 என்று சொன்ன எஞ்சின் இது. வினாடியை விட்டுவிட்டு வேகத்தை எடுப்பதற்குக் காரணம், வினாடி டயர் பிடிப்பையும் ஓட்டுபவரையும் பொறுத்து மாறும். முடிவு வேகம் அவ்வளவு மாறாது. ஆனால் பத்திரிகைகளுக்குக் கொடுத்த கார்கள் நன்றாக ட்யூன் செய்து அனுப்பியவை என்பதையும் மனதில் வைக்கவும். ஸ்டேஜ் 1-இன் பலவீனம் ஆயில். பம்ப் அலுமினிய டைமிங் கவருக்குள்ளேயே இருக்கிறது, உறிஞ்சும் பாதை நீளம். ரீபில்ட் செய்த பின் பம்பில் வாசலின் அடைத்து, டிரில் வைத்துச் சுற்றி, பிரஷர் வந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். காய்ந்த பம்போடு ஸ்டார்ட் செய்தால் பேரிங் போய்விடும்.

இவற்றில் ஓட்டுவதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கோப்ரா ஜெட். ரோட்டில் அதிகம் புழங்கும் 2500-க்கும் 4500-க்கும் இடையில் இசட்-28 இதன் பக்கத்தில் நிற்காது. வேலை செய்வதுதான் கஷ்டம்: புஷ்ராடுகள் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பிகள்) இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே போவதால், அந்தக் கனத்த வார்ப்பிரும்பைக் கழற்ற ராக்கரிலிருந்து எல்லாம் வெளியே வர வேண்டும். 428-இன் பேலன்ஸ் ஃப்ளைவீலையும் சேர்த்தது. 390-இன் ஃப்ளைவீல் போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும், ஆனால் மாட்டினால் கார் முழுக்க நடுங்கும்.

இன்று யாராவது டைனோ ஷீட்டைக் காட்டி என் 428 அசலாகவே 410 கொடுத்தது என்றால் கேட்க வேண்டியவை: எலக்ட்ரிக் வாட்டர் பம்பா, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டா ஹெடரா (தனித்தனிக் குழாய்கள்), ஏர் கிளீனர் இருந்ததா, கேம் அதே வடிவத்தில் கடைந்ததா, ஹெட்டை எவ்வளவு மழித்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சின்களில் கம்ப்ரெஷன் பெரும்பாலும் விளம்பரத்தைவிடக் குறைவு; ரீபில்டில் அதைச் சரியாகக் கொண்டுவந்தாலே அது அசல் எஞ்சின் இல்லை. சேஸிஸ் டைனோ என்றால், வீலில் வந்த எண்ணோடு 15 சதவீதம் கூட்டினேன் என்பதை ஏற்காதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் இழப்பு வேறு, ஃபோர் ஸ்பீடு மேனுவலில் வேறு. கடைசியாக, ஷீட்டின் மூலையில் எந்தத் திருத்தம் (காற்றின் வெப்பம், அழுத்தத்துக்கான கணக்கு) என்று போட்டிருக்கும். எஸ்டிபி என்றிருந்தால் அது எஸ்ஏஇ ஜே1349-ஐவிடச் சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். 410-இல் 16 அங்கேயே போய்விடும்.