அவசர வேலைக்குக் கூடுதல் கூலி: எந்த முறை சரி?

தனியாளாகத் தொழில் செய்யும் பிளம்பர்களும் எலக்ட்ரீசியன்களும் அவசர அழைப்புக்குக் கூடுதல் கூலியை மூன்று விதமாகப் போடுகிறார்கள். மொத்த பில்லில் இத்தனை சதவீதம் என்பது ஒன்று. மணிக்கூலியை ஒன்றரை அல்லது இரண்டு மடங்காக்குவது இன்னொன்று. முதல் ஒரு மணி நேர வேலையையும் உள்ளடக்கிய நிலையான விசிட்டிங் சார்ஜ் மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் இரு தரப்புக்கும் நல்லது. சதவீத முறையை வாடிக்கையாளர் ஏற்கவும் வேண்டாம், தொழிலாளி கேட்கவும் வேண்டாம்.

காரணம் எளிது. அவசரத்தில் கூடுவது நேரத்தின் மதிப்பு, பொருளின் விலை அல்ல. அன்றைக்கு ஒப்புக்கொண்ட வேலை தள்ளிப்போகிறது, போகும் வழி மாறுகிறது, இரவானால் ஓய்வு போகிறது. கூடுதல் கூலி இவற்றுக்குத்தான். கீசரையே மாற்ற வேண்டி வந்தால் பில் பல மடங்கு ஏறும். அந்த விலைக்கும் சேர்த்துச் சதவீதம் போட எந்த நியாயமும் இல்லை. கடை மூடிய நேரத்தில் கையிருப்பிலிருந்து பார்ட்ஸ் எடுத்துப் போட்டால், அதற்கான சிறு லாபத்தைத் தனி வரியாகக் காட்டிவிடலாம்.

மடங்குக் கணக்கில் சண்டை வருவது கடிகாரத்தால். வழக்கமான மணிக்கூலி 100 என்று வைத்துக்கொள்வோம். பயணம் 40 நிமிடம், வேலை 50 நிமிடம். கிளம்பிய நேரத்திலிருந்து இரட்டைக் கூலி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு 300. வந்து சேர்ந்த பிறகே கணக்கு என்றால், அரை மணி அலகில் முழுமையாக்கி 200. ஒரே வேலை, ஒரே ஆள், 100 வித்தியாசம். எங்கிருந்து எண்ணுவது என்று போனில் பேசாததுதான் சிக்கல். நிலையான சார்ஜில் இந்தக் கேள்வியே எழாது: பயணமும் முதல் ஒரு மணி நேரமும் சேர்த்து 200, அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் 75. கிளம்பும் முன்பே இதை ஒரு மெசேஜாக அனுப்பிவிட வேண்டும். வந்து நின்றபின் சொல்லும் தொகை, நியாயமானதாகவே இருந்தாலும் மிரட்டலாகத்தான் கேட்கும்.

இந்தப் பணத்துக்கு என்ன எதிர்பார்க்கலாம்? ஆபத்தை நிறுத்துவது மட்டும்தான். முழு ரிப்பேர் அல்ல. உடைந்த சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயை உடனே ஒட்டச் சொல்வது தவறு. உள்ளே நீர் சொட்டிக்கொண்டிருந்தால் குழாய் ஒட்டும் பசையான சால்வென்ட் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் காயும் முன் தண்ணீர் அழுத்தம் கொடுத்தால் ஜாயின்ட் கழன்றுவிடும். குளிர் நேரத்தில் காய்வதற்கு இன்னும் தாமதமாகும். விஷயம் தெரிந்தவர் வால்வை மூடி, கிளாம்ப் போட்டு, நிரந்தர வேலைக்கு மறுநாள் வழக்கமான கூலியில் வருவார். எல்லாவற்றையும் இரவுக் கூலியிலேயே முடிக்கத் துடிப்பவரை மறுமுறை கூப்பிட வேண்டாம்.

போனிலேயே பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பவருக்கு என் முதல் மதிப்பெண். ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை மூடினால் போதும், காலை வரை காத்திருக்கலாம். ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆனால் பிளக்குகளை எல்லாம் கழற்றி, எம்சிபிக்களை (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனியாக உள்ள பாதுகாப்பு சுவிட்சுகளை) இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றிவிட்டு, எம்சிபிக்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கச் சொல்லலாம். எல்லா எம்சிபியும் இறங்கியிருந்தும் டிரிப் ஆகிறதா? நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர், எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடும். ஃபேஸ் வயரை மட்டும் துண்டிக்கும் சிங்கிள் போல் எம்சிபி நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. அதை நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். விளக்குகள் சில மங்கி, சில கண்ணைக் கூசும் அளவு எரிந்தால் நியூட்ரல் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். மெயினை உடனே அணைக்க வேண்டும். இது உண்மையான அவசரம், இரட்டைக் கூலி கேட்டாலும் தகும்.

ரத்து விஷயத்தையும் அந்த மெசேஜிலேயே எழுதிவிட வேண்டும். கிளம்பும் முன் வேண்டாம் என்றால் எதுவும் தர வேண்டியதில்லை. கிளம்பிய பின் என்றால் விசிட்டிங் சார்ஜில் பாதி. நிரந்தர வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுப்பதானால் முழுச் சார்ஜையும் பில்லில் எழுதி, கீழே கழித்துக் காட்டுவது நல்லது. அப்போதுதான் அடுத்த அழைப்பிலும் கூலி எவ்வளவு என்பது அவருக்கு நினைவிருக்கும்.