மூலிகை எக்ஸ்ட்ராக்ட் செட், மூணு மாசம் சாப்பிட்டுப் பாத்த ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், நான் எச்ஐவி பாசிட்டிவ். 9 வருஷமா ஏ.ஆர்.டி, அதாவது எச்ஐவிய அடக்கி வைக்கற மருந்து, போட்டுட்டு இருக்கேன், இப்ப டெனோஃபோவிர் லாமிவுடின் டோலுடெக்ராவிர் மூணும் சேந்த ஒரே மாத்திரை, டெய்லி ஒன்னு. வைரல் லோடு (ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு) ரொம்ப நாளாவே ரிப்போர்ட்ல தெரியாத அளவுதான். அப்புறம் எதுக்குடா இத வாங்கினேன்னு கேப்பீங்க. டெய்லி அதே நேரத்துக்கு அலாரம் அடிக்கறப்ப ஒரு சலிப்பு வரும் பாருங்க, போடறவனுக்குத்தான் அது தெரியும். அப்படி ஒரு சலிப்பு நாள்லதான் "எச்ஐவியை வேரோடு அழிக்கும் 12 மூலிகைச் சாறு"ன்னு ஒரு வீடியோ கண்ணுல பட்டுச்சு, மாட்டிக்கிட்டேன்.

பேக்கிங் நல்லாத்தான் இருந்துச்சு. பெட்டி வெளியிலயும் சரி உள்ளயும் சரி எச்ஐவின்னு ஒரு எழுத்து கிடையாது, "நோய் எதிர்ப்பு சக்திக்கு" அவ்வளவுதான். அட நம்ம பிரைவசிய எவ்வளவு யோசிச்சிருக்காங்கன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறமாத்தான் உறைச்சுது, வீடியோவுல வாய் கிழிய பேசினது ஒன்னுகூட பெட்டில இல்ல, நாளைக்கு எவனாச்சும் கேட்டா நாங்க எங்க சார் அப்படி சொன்னோம்னு கைய விரிச்சிரலாம். அந்த பிரைவசி எனக்கு இல்ல, அவங்களுக்கு.

உள்ள ஒரு டிராப்பர் பாட்டிலும் ஒரு டப்பா கேப்சூலும். பாட்டில்ல கருப்பு கலந்த பிரவுன் கலர் தண்ணி, அடியில டீத்தூள் மாதிரி கசடு, எவ்வளவு குலுக்கினாலும் அஞ்சு நிமிஷத்துல திரும்ப போய் உக்காந்துக்கும். மேல இருக்கற 10 சொட்டும் அடில இருக்கற 10 சொட்டும் ஒன்னா இருக்க வாய்ப்பே இல்ல. லேபிள்ல 12 பேர் போட்டிருக்கு, எது எத்தன மில்லிகிராம்னு ஒன்னுக்கும் இல்ல. ரெண்டாவது வாரமே விரல் ஈரம் பட்டு பாதி லேபிள் அழிஞ்சு போச்சு. கசப்பு பத்தி கேக்காதீங்க, நாக்குல அரை மணி நேரம் நிக்கும்.

நல்லது நடந்ததையும் சொல்லணும்ல. பத்து நாள்ல நல்லா பசிச்சுது, தூக்கமும் பரவால்ல. கசப்பா எதாச்சும் குடிச்சா பசி எடுக்கும், அது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அந்த தெம்ப பாத்துட்டு மருந்து வேலை செய்யுதுன்னு மனசு சொல்ல ஆரம்பிச்சிரும், வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பசிக்கா தெரியும்?

மூணாவது வாரம் கஸ்டமர் கேர்லருந்து போன். "சார் இங்கிலீஷ் மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கோங்க சார், ரெண்டும் சேந்தா நம்ம மருந்து உடம்புல புடிக்காது." முடியாதுன்னு சொன்னேன். உடனே வாட்ஸப்புல நாலு ரிப்போர்ட் வந்துச்சு, பேரெல்லாம் கருப்பு மை வச்சு அழிச்சு, எல்லாத்துலயும் "டார்கெட் நாட் டிடெக்டட்". பாருங்க சார் நெகட்டிவ் ஆயிட்டாங்கங்கறார்.

இந்த இடத்துலதான் நிறைய பேர் விழறாங்க. அதே மாதிரி ரிப்போர்ட் என்கிட்டயும் இருக்கு, இவங்க பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி எடுத்தது! ஏ.ஆர்.டி ஒழுங்கா போடறவங்க பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான் வரும். அதுக்கு ரத்தத்துல எண்ணற அளவுக்கு வைரஸ் இல்லன்னுதான் அர்த்தம், நெகட்டிவ்னு அர்த்தம் இல்ல. வைரஸ எதிர்த்து உடம்பு உண்டாக்கறத பாக்கற ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ்னுதான் காட்டும். சிடி4ங்கற நோய் எதிர்ப்பு செல் சிலதுக்குள்ளயே வைரஸோட மரபணு ஒட்டிக்கிட்டு தூங்கிட்டு இருக்கும், அத ஏ.ஆர்.டியாலயும் எடுக்க முடியாது, அதனாலதான் மாத்திரைய நிறுத்தினா அனேகமா ரெண்டுலருந்து நாலு வாரத்துல லோடு திரும்ப ஏறிடுது. ஆனா அந்த ரெண்டு வாரம் உடம்பு நல்லாத்தான் இருக்கும், இவங்க பிழைப்பே அந்த இடைவெளிலதான் ஓடுது. 5000 பேருக்கு மேல சேந்த ஸ்மார்ட் ஆராய்ச்சில சிடி4 எண்ணிக்கை நல்லா இருக்கறவங்களுக்கு மாத்திரைய நிறுத்தி நிறுத்திக் குடுத்து பாத்தாங்க, நிறுத்தினவங்க பக்கம் நோயும் சாவும் அதிகமாச்சுன்னு 2006ல பாதியிலயே அத கைவிட்டாங்க. மேற்கு ஆப்பிரிக்கா நாடு காம்பியால அப்ப பிரசிடெண்டா இருந்த யாஹ்யா ஜாமே 2007ல நானே மூலிகை குடுத்து குணமாக்கறேன்னு கிளம்பி, வந்தவங்கள ஏ.ஆர்.டிய நிறுத்த வச்சார், தப்பிச்சவங்க 2018ல அவர் மேல கேஸ் போட்டாங்க.

சரி நான்தான் மாத்திரைய நிறுத்தலையே, எனக்கென்னன்னு இருந்தேன். மூணாவது மாசம் வழக்கமா எடுக்கற டெஸ்ட்ல வைரல் லோடு 160. எத்தனையோ வருஷம் கழிச்சு ஒரு நம்பர பாக்கறேன், கை காலெல்லாம் உதறுது. டாக்டர் 200க்குள்ளதான இருக்கு, சில சமயம் தானா இப்படி ஏறி இறங்கும், பயப்படாதீங்கன்னார். கவுன்சிலர் மேடம் மட்டும் விடல, "வேற என்னங்க சாப்பிடறீங்க?"ன்னு நாலு தடவ கேட்டாங்க, அப்புறம்தான் கேப்சூல் டப்பாவ வெளிய எடுத்தேன். பொடி எழுத்துல கடைசி வரில "அயம்"னு இருக்கு. "அயம்னா இரும்புங்க, இதையும் மாத்திரையையும் ஒன்னா முழுங்கினீங்களா?" ஆமா, காலைல வெறும் வயித்துல, ஒரே டம்ளர் தண்ணில.

விஷயம் என்னன்னா இரும்பு, கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் இதெல்லாம் டோலுடெக்ராவிரோட வயித்துலயே ஒட்டிக்கும், மருந்து ரத்தத்துக்கு சரியா போகாது. வெறும் வயித்துல இரும்போட போட்டா பாதிக்கு மேல வீணாயிடும். டோலுடெக்ராவிர் போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் அதெல்லாம் போடணும், அத முன்னாடி போட்டுட்டா ஆறு மணி நேரம் விடணும். இரும்பு, கால்சியம் ரெண்டும் சாப்பாட்டோட சேத்து போட்டா பரவால்லன்னு சொன்னாங்க. என் 160க்கு இதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா அந்த டப்பாவ அன்னைக்கே தூக்கிப் போட்டேன், அடுத்த டெஸ்ட்ல பழையபடி ஒன்னும் தெரியல.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். மனச்சோர்வுக்கு எடுக்கற செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு ஒரு மஞ்சப்பூ செடி, கல்லீரல முடுக்கி விட்டு மருந்த சீக்கிரம் கரைக்க வச்சிரும். 2000ல பாத்தப்ப இண்டினாவிர்ங்கற எச்ஐவி மாத்திரையோட அளவு ரத்தத்துல 57 சதவீதம் குறைஞ்சுதாம். டோலுடெக்ராவிருக்கும் அது ஆகாது. பூண்டு கேப்சூல் சாக்குவினாவிர்ங்கற இன்னொரு எச்ஐவி மருந்தோட அளவ பாதியாக்கினது 2002ல வந்துச்சு (அது கேப்சூல்ங்க, சமையல்ல போடற பூண்டுக்கு பயந்துக்காதீங்க). நிலவேம்புல இருக்கற ஆண்ட்ரோகிராஃபோலைடையும் பாசிட்டிவ் ஆளுங்களுக்கு குடுத்து பாத்திருக்காங்க, வைரல் லோடு பெருசா இறங்கல, ஒருத்தருக்கு கடுமையான அலர்ஜி வேற வந்து சீக்கிரமே நிறுத்திட்டாங்க. டெஸ்ட் டியூப்ல வைரஸ கொன்னுச்சுன்னு லேபிள்ல போட்டிருக்கறத பாத்து ஏமாறாதீங்க, சோப்புத் தண்ணியும்தான் கொல்லும்.

மூலிகைன்னாலே பொய்னு சொல்ல வரல. தென் அமெரிக்கால ஒரு மரம், வெட்டினா ரத்தம் மாதிரி சிவப்பா பால் வடியும், க்ரோட்டன் லெக்லெரி. அதுலருந்து எடுத்த க்ரோஃபெலெமர் மாத்திரைக்கு 2012 டிசம்பர் 31ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, ஏ.ஆர்.டி போடறவங்களுக்கு கிருமி இல்லாம வர்ற வயித்துப்போக்குக்கு. ஒரு வேளைக்கு 125 மில்லிகிராம்னு அளவு இருக்கு, எதுக்குன்னு தெளிவா இருக்கு, எச்ஐவி போயிரும்னு யாரும் அளக்கல. என் பாட்டில்ல இருந்த 12 பேர்ல ஒன்னுக்காச்சும் இப்படி ஒரு வரி இருந்திருந்தா கவுன்சிலர் மேடமே பாத்து சரின்னோ வேணாம்னோ சொல்லிருப்பாங்க.

பசிக்கு ஒரு ஸ்டார் குடுக்கலாம், மீதி நாலும் கிடையாது. போன வாரம் அதே கஸ்டமர் கேர் தம்பி அடுத்த கோர்ஸ் அனுப்பட்டுமான்னு மெசேஜ் பண்ணினான். பேச இஷ்டமில்ல, பாட்டில் வாங்கறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி எடுத்த என் ரிப்போர்ட்ட, தேதிய சுத்தி சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு, "ரிசல்ட் சூப்பர் சார், பேர மறைச்சிட்டு மத்தவங்களுக்கு காட்டலாமா?"