காற்று அடிக்கும் மேட்டுக்குச் சவுக்கா, டர்பன்டைனா?

இலங்கையின் தேயிலை மலை மேட்டில் காற்றைத் தடுக்க மரம் வைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். ஒன்று சவுக்கு என்று தோட்டத்தில் சொல்லும் கிரவீலியா, அதாவது சில்வர் ஓக். மற்றது டர்பன்டைன் என்று சொல்லும் யூக்கலிப்டஸ். நாங்கள் வைத்தது சவுக்கு, அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

டர்பன்டைன் சடசடவென்று வளரும், நேராக நிற்கும், பலகைக்கும் கம்பத்துக்கும் நல்ல விலை போகும். இதில் சர்ச்சை இல்லை. பைனஸ் என்ற ஊசியிலை மரத்தை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. கோடையில் அதன் ஊசிச் சருகு தீயை இழுக்கும், ஊவா மாகாணப் பக்கத்தில் அது பெரிய ஆபத்து.

முதலில் பார்க்க வேண்டியது இடம். தென்மேற்குப் பருவம் தொடங்கினால் மேற்குச் சரிவிலுள்ள மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் காற்றும் மழையும் சேர்ந்தே வரும். ஊறிய மண் வேரைப் பிடித்து வைக்காது, மரம் வேர்த்தட்டோடு சாயும். அதே காற்று மலையைத் தாண்டி அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் இறங்கும்போது காய்ந்து போயிருக்கும். அங்கே மண் இறுகிக் கிடப்பதால் வேர் தாங்கும், தண்டுதான் முறியும். இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளக் கணவாயில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். வேகம் இரட்டித்தால் மரத்தின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மண்ணின் ஆழமும் மரத்தின் உயரமும்தான். அலவாங்கை (கடப்பாரையை) அடித்துப் பாருங்கள். இரண்டடியில் கல் தட்டினால் எந்த மரமும் ஆழமாக வேர்விடாது, பக்கவாட்டில்தான் பரப்பும். அப்படிப்பட்ட இடத்தில் டர்பன்டைன் நூறடியைத் தாண்டினால் காற்றுக்கு அது நெம்புகோல். உயரத்தைக் குறைக்க முதிர்ந்த தண்டின் தலையை வெட்டினால், வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி உளுத்துப்போகும். அங்கிருந்து கிளம்பும் புதுக் கிளைகள் ஒட்டியும் ஒட்டாமலும் நின்று, காற்றில் முதலில் பிய்வதும் அவைதான்.

சவுக்கு வெட்டுக்குப் பழகிய மரம். தண்டு மணிக்கட்டுப் பருமனில் இருக்கும்போதே நுனியைக் கிள்ளி, பிறகு ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரலில் பக்கக் கிளைகளைக் கழித்தால் முப்பது, நாற்பது அடியில் வைத்திருக்கலாம். ஒரே தடவையில் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கிளையின் அடியில் இருக்கும் வீக்கத்தை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். இந்த வேலையை இரண்டு மூன்று வருடம் தவறவிட்டால் சவுக்கும் ஆபத்தான மரம்தான், அதன் கிளை எளிதில் முறியும். கிளை கழிக்க ஆள் கிடைக்காத தோட்டம் இதை யோசித்தே வைக்க வேண்டும்.

நடுகையில் பைக்குள் வேர் சுருண்ட கன்றை ஒதுக்குங்கள். சுருண்ட வேர் பிறகு நிமிராது, பத்து வருடம் கழித்து மரம் அடியோடு புரளும். ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழக் குழி போதும். இரண்டு வரிசையை மாற்றி மாற்றி நடுங்கள். தழை காற்றில் பாதியளவை ஊடே விட வேண்டும். சுவர் போல அடைத்தால் காற்று மேலே ஏறி, பின்னால் சுழன்று கொழுந்தை அடிக்கும்.

ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் கீன மரங்கள் குட்டையாக, குடை போலத் தலை விரித்து ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் காற்று மேலோடு வழுக்கிப் போகிறது. அவ்வளவு உயரத்துக்குச் சவுக்கைச் சொல்ல எங்களுக்கு அனுபவம் போதாது.

ஆழமான மண்ணும் நல்ல வடிகானும் உள்ள, லயத்துக்கும் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கும்) பாதைக்கும் மர உயரத்தின் ஒன்றரை மடங்கு தள்ளியுள்ள இடத்தில் டர்பன்டைன் தோப்பு வைக்கலாம். ஆனால் காற்று வரும் பக்க ஓரத்து மரங்களைத் தொடக்கூடாது. காற்றுக்குப் பழகி அடி பருத்தவை அவைதான். அவற்றை வெட்டினால் உள்ளே ஒல்லியாக வளர்ந்தவை அடுத்த மழைக்கே வரிசையாகச் சாயும். நெருக்கமாக நிற்கும் மரங்களைக் கழித்து ஐதாக்குவதை ஒக்டோபரில், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும்.

சவுக்கின் பெரிய குறை அடிக்கட்டையில் இருக்கிறது. பச்சையாக வெட்டிவிட்டு வேரை மண்ணில் விட்டால், அதில் கரிவேர் நோய்ப் பூசணம் குடியேறிப் பக்கத்துத் தேயிலையைக் கொல்லும். பட்டையை வளையமாக உரித்து, இலை கொட்டி மரம் பட்ட பிறகே வெட்டி, வேரையும் தோண்டி எடுக்க வேண்டும்.