எடிசனில் வீட்டுக்குள் நெட்வொர்க் கேபிள்: நாங்கள் கூப்பிட்ட ஆட்கள் எப்படி?

வீட்டுக்குள் கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் இழுக்க ஆள் தேடும் நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். எங்களுடையது நியூ ஜெர்சி எடிசனில் 1960களில் கட்டிய இரண்டு மாடி வீடு. பேஸ்மென்ட்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், அங்கிருந்து வீடு முழுக்கக் காற்று போகும் தகர டக்ட். மேல் மாடியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மீட்டிங்கில் உட்கார்ந்தால் வைஃபை திணறும். மேலே இரண்டு அறைக்கு லைன், வாசலுக்கும் பின்பக்கத்துக்கும் கேமரா. வேலை அவ்வளவுதான்.

முதலில் வந்து பார்த்த ஒரு கம்பெனிக்காரர் சுவரில் இருந்த ரிட்டர்ன் கிரில்லை (அறைக் காற்று டக்டுக்குள் போகும் வாய்க்கு மாட்டிய மூடி) கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது வழியாவே நேரா மேல ஏத்திடலாம், அரை நாள் வேலை" என்றார். ரேட்டும் குறைவு. அடுத்து வந்தது ஒரு அப்பாவும் மகனும். அவர்களும் அதே கிரில்லைத்தான் கழற்றினார்கள். பெரியவர் எட்டிப் பார்த்த கையோடு திருப்பி மாட்டிவிட்டு, "இதுக்குள்ள விடணும்னா வேற ஆளைப் பாருங்க" என்றார். வேலையை அவர்களுக்கே கொடுத்தோம்.

ஏன் என்று கேட்டதற்கு, ஒரு துண்டுக் கேபிளை என் கையில் கொடுத்து மேலே இருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். சிஎம்ஆர் என்று இருந்தது. மாடிக்கு மாடி ஏற்றுவதற்கான சாதாரணக் கேபிள், பெரும்பாலும் பிவிசி உறை. தீப்பிடித்தால் கரும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைடும் வரும். ரிட்டர்ன் என்பது அறைக் காற்றை ஃபர்னஸுக்கு இழுக்கும் பாதை. அதற்குள் புகை கிளம்பினால் ஃபர்னஸின் விசிறியான ப்ளோயரே அதை எல்லாப் படுக்கையறைக்கும் ஊதிவிடும். குறைந்த வோல்டேஜ்தானே என்று கேட்டால், பயம் ஷாக்கைப் பற்றி அல்ல, புகையைப் பற்றி. புகை குறைவாக வரும் சிஎம்பி கேபிள் என்று ஒன்று உண்டு. அதையும் தகர டக்டுக்குள் இஷ்டத்துக்கு விட முடியாது. இங்குள்ள மின் விதிப்படி, டக்டில் ஓடும் காற்றோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கருவியின் வயருக்குத்தான் உள்ளே இடம்.

எங்கள் பேஸ்மென்ட்டில் இன்னொரு சிக்கல். பழைய வீடுகளில் பேஸ்மென்ட் சீலிங்கில் ஜாய்ஸ்ட் எனும் மர உத்தரங்கள் இரண்டுக்கு நடுவே தகரம் அடித்து, அந்த இடைவெளியையே ரிட்டர்னாக வைத்துவிடுவார்கள். பார்த்தால் டக்ட் என்றே தெரியாது. வீடுகளுக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு இருக்கிறது: அந்த இடைவெளியைக் கேபிள் குறுக்கே கடக்கலாம், உள்ளே நெடுக ஓடக் கூடாது. ஒரு லைன் அப்படிக் கடக்க வேண்டி வந்தது. விலக்கு இருந்தும் அந்த ஒரு லைனை முழுக்க சிஎம்பியிலேயே இழுத்தார். கேபிள் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் செய்தார். துளைகளைச் சுற்றிச் சீலன்ட் வைத்து அடைத்தார். இல்லாவிட்டால் அந்த இடுக்கு வழியாக பேஸ்மென்ட் காற்றை ரிட்டர்ன் உறிஞ்சும்.

மேலே ஏற பாத்ரூம் வென்ட் குழாய் போகும் இடுக்கைப் பிடித்தார்கள். தரைக்குத் தரை துளை போட்ட இடத்தில் எல்லாம் தீயைத் தடுக்கும் சிவப்பு கோக் (caulk) பசை. பவர் வயருக்கு 2 அங்குலம் தள்ளி. ஃபர்னஸின் புகைக் குழாயை நெருங்கவே இல்லை.

கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அங்கே ஏசிக்கு வெள்ளி உறை போட்ட ஃபிளெக்ஸ் டக்ட், மலைப்பாம்பு மாதிரி வளைந்து கிடக்கும். மகன் கேபிளை அதன் முதுகில் போட்டு ஜிப் டை எடுத்தான். "கையை எடு!" என்று பெரியவர் போட்ட சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. டையை இறுக்கினால் உள்ளே இன்சுலேஷன் நசுங்கும், கோடையில் அந்த இடம் வேர்த்துச் சொட்ட ஆரம்பிக்கும், கொஞ்ச நாளில் சீலிங்கில் கறை. டக்டைத் தாங்கவே தனியாகப் பட்டை அடித்திருக்கிறது, அது கேபிளைத் தாங்குவதற்கில்லை என்றார். அப்புறம் 4, 5 அடிக்கு ஒரு ஜே-ஹூக் (J வடிவக் கொக்கி) மரத்தில் அடித்து அதில் தொங்கவிட்டார்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு மட்டும் மனசே ஆறவில்லை. "ஏம்மா, இதுக்கா இத்தனை டாலர்? நம்ம ஊர் கேபிள்காரன் மொட்டை மாடியிலேருந்து ஒரே வீச்சுல ஜன்னல் வழியா விட்டுட்டுப் போயிருப்பானே!" விட்டிருப்பார்தான். ஆனால் அங்கே சுவருக்குள் டக்ட் கிடையாதே அப்பா.

குறையும் உண்டு. சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வரவில்லை. எல்லா லைனும் வந்து சேரும் பேட்ச் பேனலில் எந்த லைன் எந்த அறைக்கு என்று பென்சிலில் கிறுக்கிவிட்டுப் போனார்கள். நான்தான் லேபிள் ஒட்டினேன். பெரிய குறை, வெட்டிய சுவரை அடைக்க மாட்டார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முடித்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்கள்.

5க்கு 4 தருகிறேன். பெயர் வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள். சுவர் ஒட்டிப் பெயின்ட் அடிக்க எடிசன் பக்கம் நல்ல ஆள் யாராவது இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். பெட்ஷீட் வைக்கும் கிளாசட்டில் இன்னும் ஒரு அடிக்கு ஓட்டை இருக்கிறது.