புள்ளியைத் தின்னும் ஸ்கேனர்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் எங்கள் வாசகசாலை ஸ்கேனர் ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்தது. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. கம்பத்துக்குள் ஓடும் விளக்கு ஒயர் மடங்கி மடங்கி அறுந்திருந்தது. கம்பெனியைக் கேட்டால் தலைப்பாகத்தையே மாற்ற வேண்டும் என்று பாதி மெஷின் விலை சொன்னார்கள். காரைக்குடியில் டிவி ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் பற்றவைத்துக் கொடுத்து 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அதே வாரம் பக்கத்து ஊர் நூலகத்துத் தம்பி கேட்டார்: "அண்ணே, அந்த மாடல் இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" வாட்ஸப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போயிற்று. அதனால் இங்கே. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. மேலே கேமரா, கீழே கறுப்பு விரிப்பு, பக்கத்துக்கு ஒரு விளக்கு, காலுக்கு ஒரு மிதி. இந்த வகையில் எதை எடுத்தாலும் நான் சொல்வது ஏறக்குறைய பொருந்தும்.

முதலில் மிதி. வாங்கும்போது அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் துண்டு, தையல் மெஷின் மிதியில் பாதி கூட இருக்காது. ஆனால் நான்கு வருடமாக இந்த வேலை நடக்கிறது என்றால் அதனால்தான். இரண்டு கையும் புத்தகத்தில் இருக்கும். இடக்கை பக்கத்தைப் புரட்டும், வலக்கை ஓரத்தைப் பிடிக்கும், கால் மிதிக்கும், 'டிக்'. முன்பு எங்களிடம் இருந்தது சாதாரணத் தட்டை ஸ்கேனர். ஒவ்வொரு பக்கத்துக்கும் புத்தகத்தைக் கவிழ்த்து, மூடியை அழுத்தி, முதுகெலும்பு 'கிறுக்' என்று முனகுவதைக் கேட்டுக்கொண்டே எடுக்க வேண்டும். நூல் தைத்த பழைய புத்தகங்களில் இரண்டு, மூன்று அந்த மெஷினில்தான் உயிரை விட்டன. இதில் அந்தப் பாவம் இல்லை. புத்தகம் மல்லாந்து படுத்திருக்கிறது, நாம் புரட்டுகிறோம், அவ்வளவுதான். 200 பக்கப் புத்தகம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். சனி, ஞாயிறு மட்டும் இரண்டு பேர் உட்கார்ந்தே எழுநூறு புத்தகம் தாண்டிவிட்டோம்.

வழுவழுத் தாளில் விளக்கு பளிச்சென்று அடிக்கும். பக்கவாட்டில் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். கரண்ட் போனால் கோப்பு எண் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும், அதற்கும் பழகிவிட்டோம். என் கோபம் இதிலெல்லாம் இல்லை.

என் கோபம் 'சுத்தம்' பண்ணும் பட்டனில்.

மெஷினோடு வரும் மென்பொருளில் அது தானாகவே இயங்கும் நிலையில்தான் இருக்கும். பழுப்பேறிய தாளை வெள்ளையாக்கும், ஓரத்தை வெட்டும், வளைந்த வரியை நிமிர்த்தும், பிடித்திருக்கும் விரலைக்கூட அழித்துவிடும். முதல் நாள் பார்த்தபோது வாயைப் பிளந்தேன். நூறு வருடப் புத்தகம் நேற்று அச்சான மாதிரி திரையில் வந்து நின்றது. சங்கத் தலைவர் பார்த்துவிட்டு, "இதுக்குக் கொடுத்த காசு தகும்" என்றார். விளம்பரத்தில் காட்டுவதும் இதைத்தான்.

இரண்டு மாதம் கழித்துதான் விஷயம் தெரிந்தது. எடுத்த பக்கங்களை எழுத்துணரியில், அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக மாற்றும் நிரலில், கொடுத்துப் பார்த்தோம். 'பட்டு' என்பது 'படடு' என்று வந்தது. 'கண்ணன்', 'கணணன'. எழுத்துணரி மோசம் என்று நினைத்து அதைத்தான் முதலில் திட்டினேன். அதன் பக்கத்திலும் குறை உண்டுதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்து வரும், ணா, றா, னா வேறு உருவத்தில் இருக்கும். இன்றைய எழுத்துருவில் பழகியதற்கு அது தடுமாறும். ஆனால் புள்ளிக்கு என்ன கேடு? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்திலேயே புள்ளி இல்லை.

காரணம் எளிது. ஈய எழுத்தில் அச்சான பழைய புத்தகங்களில் மெய்யெழுத்தின் புள்ளி தேய்ந்துபோய், மசி மங்கி, குண்டூசி முனை அளவுக்குத்தான் இருக்கும். சுத்தம் பண்ணும் நிரலுக்கு அது தூசி. தூசியைத் துடைப்பதுதானே அதன் வேலை, துடைத்துவிட்டது. கொடுமை என்னவென்றால், எழுத்துக்கு மேலே இராமபாணப் பூச்சி போட்ட ஓட்டை கொஞ்சம் பெரிது, கறுப்பு. அதை மட்டும் பத்திரமாக விட்டு வைத்திருந்தது. உள்ள புள்ளி போய், இல்லாத புள்ளி நின்றது. ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் ஏடு கிழிந்துவிடும் என்று புள்ளி வைப்பதில்லை. படிப்பவர் இடம் பார்த்து வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். உ.வே.சா. மாதிரி ஆட்களுக்கு அந்தப் பொறுமை இருந்தது. அச்சுக்கு வந்து இத்தனை காலம் கழித்து இந்த மெஷின் நம்மை மறுபடி ஏட்டுக் காலத்துக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது.

சரி, புள்ளியையாவது ஆள் உட்கார்ந்து திருத்திவிடலாம். அடுத்தது திருத்த முடியாமல் போயிருக்க வேண்டியது.

பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீடு. அவர்கள் ஒரு மரப்பெட்டி நிறையப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணிவிட்டுத் திருப்பித் தரச்சொல்லிக் கொடுத்தார்கள். அதில் சதகத்துக்கு உரை எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று. அட்டை இல்லை, முகப்புப் பக்கமும் கிழிந்து போயிருந்தது. விலை, அச்சகம் எதுவும் தெரியாது. முகவுரையின் கடைசியில் 'விளம்பி வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருந்தது. அறுபது வருடச் சுற்றில் விளம்பி 1898இல் பிறந்தது, மறுபடி 1958இல் பிறந்தது. தை என்பதால் ஆங்கிலக் கணக்கில் 1899 அல்லது 1959. விலை தெரிந்திருந்தால் ஒரு துப்புக் கிடைத்திருக்கும். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டதல்லவா. திரையில் பக்கங்கள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நான் 1959 என்று போட்டேன். தாளின் பழுப்பு கண்ணில் பட்டிருந்தால் கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும்.

1959 என்று போட்டதால் வந்த வினை: உரையாசிரியர் காலமாகி 60 வருடம் ஆனால்தான் பதிப்புரிமை தீரும், ஆனதா என்று தெரியாது. தெரியாமல் எப்படிப் பொதுவில் வைப்பது? பட்டியலில் பெயரை மட்டும் போட்டுவிட்டுக் கோப்பைப் பூட்டி வைத்தோம். எட்டு மாதம் அப்படியே கிடந்தது. ஆராய்ச்சி மாணவி ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஐயா, விளம்பி 1899ஆகவும் இருக்கலாமே, எதை வைத்து 1959 என்றீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடைசிப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் என்னவோ கிறுக்கியிருந்த ஞாபகம் மட்டும் லேசாக இருந்தது. கோப்பைத் திறந்தேன். ஓரம் வெட்டப்பட்டிருந்தது. மிச்சமிருந்த இடம் சலவைத் துணி மாதிரி வெள்ளை.

புத்தகம் திரும்பப் போய்விட்டது. வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தார் கோயம்புத்தூரில். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு மட்டும்தான் வந்து வீட்டைத் திறப்பார்கள். காத்திருந்து, நேரில் போய், பெட்டியைக் கிளறிப் புத்தகத்தை எடுத்தோம். அங்கே, முனை மழுங்கிய பென்சிலில், சாய்வெழுத்தில்: 'ரங்கூன் கடையில் வாங்கினது. 1907௵ மே௴'. பக்கத்தில் ஊதா ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று பாதி அழிந்த நிலையில். அதையும் எங்கள் ஸ்கேனர் கறையென்று வெளுத்திருந்தது.

1907இல் வாங்கிய புத்தகம் 1959இல் அச்சாகியிருக்க முடியாது. ஒரு வரிதான். அந்த ஒரு வரி ஆண்டைச் சொல்லிவிட்டது, யார் கையில் இருந்தது, கடல் தாண்டி எப்படிப் போய் வந்தது என்பதையும் சொல்லிவிட்டது. இப்போது அந்தப் புத்தகம் பொதுவில் இருக்கிறது. அந்தப் பக்கம் பழுப்போடும் கறையோடும் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக ஆனது. அந்த மனுஷன் துண்டுச்சீட்டைக்கூட விடாமல் சேர்த்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் பட்டனைத் தட்டி ஓரக்குறிப்புகளை அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது நாங்கள் செய்வது: தானியங்கி எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. வண்ணத்தில், ஓரம் வெட்டாமல், விரிப்பின் கறுப்புத் தெரிகிற மாதிரி எடுத்து, டிஃப் கோப்பாக அப்படியே ஒரு வட்டில் வைக்கிறோம். அதைத் தொடுவதில்லை. படிப்பதற்கான பிரதியை ஸ்கேன் டெய்லர் என்ற வேறொரு மென்பொருளில் தனியாகத் தயாரிக்கிறோம், புள்ளி நீக்கும் வசதியை அதிலும் அணைத்துவிட்டு. இடம் நிறையத் தின்கிறது. ஏ3 அளவு விரிப்பை 300 டிபிஐ வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் ஒரு படமே 50 எம்பியைத் தாண்டும். ஹார்ட் டிஸ்க் வாங்கி வாங்கி ஸ்கேனர் விலையை எட்டிவிட்டோம். இதை எந்தக் கடைக்காரரும் முதலில் சொல்வதில்லை.

ஒவ்வொரு முறை மென்பொருள் புதுப்பிக்கும்போதும் அந்தச் சுத்தம் பட்டன் தானாக மறுபடி 'ஆன்' ஆகிவிடும். இதுதான் நான்கு வருடமாக எனக்குப் பல் வலி. மூன்று முறை எழுதிக் கேட்டேன். 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்துவதற்காக' என்று பதில் வந்தது. மானிட்டர் மேல் மஞ்சள் தாளில் 'சுத்தம் பார்!' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகள் மேஜையைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள்.

அப்புறம், தம்பி கேட்காத ஒன்று. ஸ்கேன் இருபது நிமிடம் என்றேன். அதே புத்தகத்துக்கு விவரம் எழுத ஒரு மணி நேரம் ஆகும். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று நிரப்பும் டப்ளின் கோர் என்கிற பதினைந்து கட்டம்தான், பார்த்தால் கல்யாண மொய் நோட்டு மாதிரி எளிதாக இருக்கும். உட்கார்ந்தால் தெரியும். சாமிநாதையரா, சுவாமிநாதையரா, உ.வே.சா.வா? எதைப் போட்டாலும் மற்ற இரண்டையும் தேடுபவருக்குப் புத்தகம் கிடைக்காது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் பாரதியையே ஆங்கில 'பி' வரிசையில், 'பேப்பரு'க்கு வரும் அந்த 'பி'யில்தான் (P) தேட வேண்டும். இதற்கு எந்த மெஷினும் உதவாது. ஆனால் விவரம் எழுதுகிறவர் நம்பியிருப்பது படத்தை மட்டும்தான். படமே பொய் சொன்னால் அவர் என்ன செய்வார்? நான் செய்ததைத்தான் செய்வார்.

ஆக, வாங்கலாமா? படம் நன்றாக இருக்கிறது. புத்தகத்தை உடைப்பதில்லை. நான்கு வருடத்தில் ஒரு ஒயர்தான் போயிருக்கிறது. இந்த விலைக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. போன ஞாயிறு கேட்டிருந்தால் ஐந்துக்கு நான்கு போட்டிருப்பேன். இன்று காலையில் ரிப்பேரிலிருந்து வந்ததை மாட்டினேன், மென்பொருள் தானே புதுப்பித்துக்கொண்டது, பார்க்காமல் நாற்பது பக்கம் எடுத்துவிட்டேன். நாற்பதும் பால் வெள்ளை.

ஐந்துக்கு ஒன்றரை. வாங்காதே தம்பி. அந்த மிதியை மட்டும் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுப் பார்.