அன்றைய பொருளா, இன்றைய தேவையா? அமெரிக்கச் சட்ட அறிஞர்களின் மோதல்

அமெரிக்க அரசமைப்பை எப்படி வாசிப்பது என்பதில் அங்குள்ள சட்டப் பேராசிரியர்கள் இரண்டு பெரிய அணிகளாக நிற்கிறார்கள். ஒரு சொல்லுக்கு அது ஏற்கப்பட்ட காலத்தில் என்ன பொருளோ அதுவே இன்றும் பொருள் என்பது ஒரிஜினலிசம். முன்தீர்ப்புகள் வழியாகச் சட்டம் வளர்ந்துகொண்டே வரும் என்பது வாழும் அரசமைப்புக் கொள்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ராஸ் இதற்கு முக்கியக் குரல்.

ஒரிஜினலிசத்தின் பலம், நீதிபதியின் கையைக் கட்டுவதாக அது தரும் வாக்குறுதி. தேர்தலில் நிற்காத ஒன்பது நீதிபதிகள் தங்கள் விருப்பத்தைச் சட்டமாக்கலாமா என்று, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒரிஜினலிஸ்ட் ஸ்காலியா கேட்டதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தக் கட்டு நிற்கிறதா? 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் புரூன் தீர்ப்பு, துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது. அடுத்து வந்தது ராஹிமி வழக்கு. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்பது கேள்வி. பழைய காலத்தில் இப்படியொரு சட்டம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத் தடையை ரத்து செய்தது. மனைவியை அடிப்பதை அரசு பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில் அந்தச் சட்டம் எப்படி இருந்திருக்கும்? 2024-இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் தடையைக் காப்பாற்றியது. மிரட்டல்காரர்களைப் பிணைத்தொகை கட்டவைத்த பழைய சட்டங்களைக் காட்டி, அச்சு அசலான முன்னோடி தேவையில்லை, கொள்கை ஒத்துப்போனால் போதும் என்றது. தனியாக மறுத்தவர் புரூன் தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ். கொள்கையை எவ்வளவு அகலமாக வரைவது என்பதை நீதிபதிதானே முடிவு செய்கிறார்? கட்டு அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது.

நீதிபதி தன் விருப்பத்தைப் புகுத்தும் ஆபத்து வாழும் அரசமைப்பிலும் உண்டு. ஆனால் அங்கே நீதிபதி தன் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்; நாம் எதிர்த்து வாதாடலாம். 'மாற்றம் வேண்டுமானால் அரசமைப்புத் திருத்தம் கொண்டுவாருங்கள்' என்று ஒரிஜினலிச அணி தரும் பதிலும் எனக்குப் போதவில்லை. 50 மாநிலங்களில் 38 ஒப்ப வேண்டும். கடைசித் திருத்தம் நிறைவேறியது 1992-இல். அதுவும் 1789-இல் முன்மொழியப்பட்டது.

ஹார்வர்டின் ஏட்ரியன் வெர்மியூல் 2020 முதல் முன்வைக்கும் 'பொதுநன்மை' வாசிப்பு மூன்றாவது வழி. இரு அணிகளையும் அது சாடுகிறது. பொதுநன்மை எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆட்சியாளர்களிடம் அது தாராளமாகவே விடுகிறது. மூன்றிலும் எனக்கு அதிக அச்சம் தருவது இதுதான்.